வீட்டில் துப்பாக்கி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா?

பெங்களூர் ஹொரமாவிலிருந்து ஒருவர் கேட்டது:

"தனி வீடு சார், சுற்றிலும் காலி மனைகள். போன மாதம் இரண்டு தெரு தள்ளி, ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே புகுந்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் ரோந்து வண்டி ஹொய்சளா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் என் மைத்துனர் வீட்டில் இரண்டு பிஸ்டல் இருக்கிறது, அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். கெட்டவன் கையில் எப்படியும் கள்ளத் துப்பாக்கி இருக்கிறது. சட்டத்தை மதிக்கிறவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? பெங்களூரில் லைசென்ஸ் எடுத்தவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 9, இரவு

நான் லைசென்ஸ் எடுத்ததில்லை. ஆனால் துப்பாக்கி இருந்த வீட்டில் வளர்ந்தவன்.

அப்பாவுக்கு வேலூர் பக்கம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் 12 போர் (bore) ரக இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கி, பெங்களூரில் ஒரு வங்கிக் கிளையில் கன்மேனாக, அதாவது துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தார். இன்றைக்கும் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் முதலில் கேட்பது "சொந்த லைசென்ஸ் இருக்கா?" என்பதுதான். சம்பளம் துப்பாக்கிக்கு, மனுஷனுக்கு இல்லை என்று அம்மா சொல்வார். ஆஸ்டின் டவுனில் இரண்டே அறை. பீரோவுக்குப் பின்னால் உறை போட்ட துப்பாக்கி, பீரோவுக்குள் பூட்டி வைத்த தோட்டாக்கள், சாவி அப்பாவிடம். எங்கள் வீட்டுக்குத் திருடன் வந்ததே இல்லை. திருட எதுவும் இல்லாததும் ஒரு காரணம்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கெடுபிடி கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பாருங்கள். குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத ஷாட்கன்னை (அப்பாவுடையது அந்த ரகம்தான்) தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பிஸ்டல், ரிவால்வர் என்றால் தக்க காரணம் காட்ட வேண்டும். அதற்கு அடுத்த பிரிவில் மறுப்பதற்கான வழிகளும் உண்டு: மனநிலை, பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு. இந்தக் கடைசி இரண்டுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். 2016 விதிகள் வந்தபின் பயிற்சிச் சான்றிதழும் தேவை. ஸ்டேஷனிலிருந்து வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அப்புறம் இன்ஃபன்ட்ரி ரோடு கமிஷனர் ஆபீஸ். அங்கே கேட்பது ஒன்றுதான்: உங்களை யார் மிரட்டினார்கள், புகார் கொடுத்தீர்களா? சுற்றிலும் காலி மனை என்பதை அவர்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரி 10, காலை

ஹொரமாவுக்காரர் விலை கேட்டிருக்கிறார். இன்றைய விலை கடையில்தான் தெரியும். ஒரு அளவுக்குச் சொல்கிறேன்: டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, 2014-ல், கான்பூர் அரசு ஆலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் சொச்சம். ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போகிற எந்தப் பெண் அதை வாங்கியிருப்பார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஊர்ப் பாசம் இருந்தால் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் பம்ப் ஆக்‌ஷன் 12 போர் துப்பாக்கியும் உண்டு.

ஜனவரி 10, மாலை

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது, துப்பாக்கியும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்கிறது. பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுத்தபடி துப்பாக்கி பூட்டில் இருக்கும், தோட்டா வேறு இடத்தில் இருக்கும். அதாவது நீங்கள் இருட்டில் சாவி தேடுவீர்கள். அந்தச் சிரமம் வேண்டாம் என்று தோட்டாவைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தால், திருடன் வருகிறானோ இல்லையோ, உங்கள் வீட்டுப் பையன் ஒரு நாள் அதைக் கையில் எடுப்பான். நான் எடுத்திருக்கிறேன். அப்பா குளிக்கப் போன நேரத்தில் உறையை அவிழ்த்துக் குறி பார்த்தேன். தோட்டா பீரோவில் இருந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் என் அக்கா.

இதற்கு நடு வழியே கிடையாது. பத்திரமாக வைத்த துப்பாக்கி அவசரத்துக்கு உதவாது, அவசரத்துக்கு உதவுகிற துப்பாக்கி பத்திரமாக இருக்காது. கைரேகைப் பூட்டுப் பெட்டி இருக்கிறதே என்று யாராவது சொல்வீர்கள். இருக்கிறது. என் ஆபீஸ் அட்டெண்டன்ஸ் மிஷினில் என் விரல் தினமும் முதல் தடவையிலேயே பதிந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்டாரே: தற்காப்பு உரிமை இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. பொழுது சாய்ந்தபின் வீட்டை உடைத்துக்கொண்டு வருகிறவன் விஷயத்தில் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மேல் போகவில்லை என்று பிறகு விளக்க வேண்டியவர் நீங்கள்தான். திரும்பி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அந்த விளக்கம் எடுபடாது.

ஜனவரி 11

"பயிற்சி பெற்றவர் கையில் இருந்தால்?" என்று மறுபடி கேட்டிருக்கிறார்.

2025 நவம்பரில் நம் ஊரிலேயே நடந்ததைப் பாருங்கள். ஜெயநகர் பக்கம் ஏ.டி.எம். பண வண்டியை மறித்து, ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொல்லி, 7 கோடிக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டப்பகல். வண்டியோடு கன்மேன்களும் இருந்தார்கள். ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. பிற்பாடு பிடிபட்டவர்களில் ஒரு போலீஸ்காரரும் உண்டு. கன்மேன்களைக் குறை சொல்லவில்லை. கழுத்தில் அடையாள அட்டையோடு அதிகாரத் தோரணையில் வருகிறவனை யார் சுடுவார்கள்? சுட்டிருந்தால் அவர்களை என்ன சொல்லியிருப்போம்?

அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க வங்கியில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சுடாமல் ஓய்வு பெறுவதுதான் வேலை என்பார். ஒரே ஒரு தடவை இன்னொரு கிளையில் ஒரு கன்மேனின் துப்பாக்கி ஸ்டூலிலிருந்து சரிந்து வெடித்து, டெபாசிட் போட வந்தவர் காலில் பால்ரஸ் குண்டுகள் ஏறின. அதைக் கேட்ட பிறகு அப்பா தோட்டாவைப் பையில்தான் வைத்திருந்தார். வெறும் துப்பாக்கியோடு காவல். கிளையில் யாருக்கும் தெரியாது.

ஜனவரி 13

மைத்துனர் விஷயம்.

ஜெனீவாவில் இருக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பின் 2017 மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள். நூறு பேருக்கு 120. 2021-ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் கொலை சுமார் 21,000, தற்கொலை 26,000-க்கும் மேல். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பள்ளிக்கூடத்தில் சுட்டவனை. பாதிக்கு மேற்பட்ட சாவுகளில் சுட்டவரும் செத்தவரும் ஒரே ஆள். செய்தியில் வராது.

அதனால் கெட்டவன், நல்லவன் என்று பிரித்துப் பேசும்போது எனக்குச் சிக்கல். அந்த 26,000 பேரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? எல்லாரும் சட்டத்தை மதித்துத் துப்பாக்கி வாங்கியவர்களாகவே இருக்கலாம்.

ஜனவரி 13, கொஞ்சம் கழித்து

"துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி தேடுவார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். நடந்தவை வேறு மாதிரி இருக்கின்றன. இஸ்ரேல் ராணுவத்தில் 2006-ல், வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்று மாற்றினார்கள். தற்கொலைகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தன. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1990-களில் தடை செய்தபின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே போனது. அந்த ஒரு ராத்திரி கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால், பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள்.

ஜனவரி 15

பொங்கல் வேலை. ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது: ஆயுத பூஜைக்கு வங்கியில் மேனேஜர் டேபிளுக்குப் பக்கத்தில் அப்பாவின் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அதன் அருகே பணம் எண்ணும் மிஷின், அதற்கும் மாலை. மறுநாள் குழலுக்குள் விழுந்த சந்தனத்தை எடுக்க அப்பா ஒரு மணி நேரம் திட்டிக்கொண்டே துடைப்பார்.

ஜனவரி 16

காந்தியை இழுத்திருக்கிறார் ஒருவர். துப்பாக்கி உரிமை கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இழுப்பதுதான். பொய் இல்லை. 1918-ல், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாட்டையே நிராயுதபாணி ஆக்கிய சட்டம் என்று அவர் 1878 ஆயுதச் சட்டத்தைக் கடுமையாகவே சாடினார். அந்தச் சட்டம் சாடத் தகுந்ததுதான். இந்தியனுக்கு லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அதைக் கொண்டுவந்த வைஸ்ராய் லிட்டன் பிரபு அதே வருடம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டார்.

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை அரசியல் சாசனத்தில் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. உரிமை என்று எழுதிவிட்டால் குற்றவாளிக்கும் அதே உரிமை உண்டு என்பது அவர் வாதம். அந்த வருடம் ஜனவரியில்தான் காந்தியைச் சுட்டிருந்தார்கள், குவாலியரில் கள்ளத்தனமாக வாங்கிய பெரெட்டா பிஸ்டலால். காந்தியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இங்கே வரும்போது வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஜனவரி 17

இதுவரை எழுதியதற்கு எதிராக நானே ஒன்று சொல்கிறேன், யாரும் சொல்லாததால். குடகு.

பெங்களூரிலிருந்து ஆறு மணி நேரம். அங்கே குடகின் பூர்வ குடிகளான கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸே தேவையில்லை. 1861-ல் பிரிட்டிஷ் கமிஷனர் மார்க் கப்பன் கொடுத்த விலக்கு, நாம் கப்பன் பார்க்கில் காற்று வாங்குகிறோமே அதே கப்பன். 1857-க்குப் பிறகு ஊரெல்லாம் ஆயுதம் பிடுங்கியபோது இவர்களுக்கு மட்டும் விட்டார்கள். இப்போது மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. இது சமத்துவத்துக்கு எதிரானது என்று போட்ட வழக்கில் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவுக்கு இரண்டு. செப்டம்பரில் கைல்போது என்ற ஆயுதத் திருநாள் அன்று துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி. ஆனாலும் குடகை யாரும் அமெரிக்கா மாதிரி என்று சொல்வதில்லை. என் வாதப்படி அங்கே தினமும் சாவு விழ வேண்டுமே?

ஜனவரி 18

ராத்திரி முழுக்க யோசித்தேன்.

ஒன்று, அது தோட்டத்துத் துப்பாக்கி, நீளக் குழல். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாருக்குப் போக முடியாது. 1999-ல் டெல்லி மெஹ்ரோலியில் மது ஊற்ற மறுத்ததற்காக ஜெசிகா லாலைச் சுட்டது .22 பிஸ்டல். சுட்டவன் திருடன் இல்லை, அரசியல்வாதி மகன். இடுப்பில் அது இல்லாதிருந்தால் அன்றைக்குக் கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும். இன்னொன்று, குடகில் துப்பாக்கி குடும்பத்தின் சொத்து, பெரியவர்கள் கண் அதன்மேல் இருக்கும். அது பெங்களூர் ஃபிளாட்டில் நடக்காது.

ஆனாலும் குடும்பச் சண்டையில் வெடித்தது, காட்டுப்பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டது என்று அங்கிருந்தும் செய்திகள் வரத்தான் செய்கின்றன. நம் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை நாட்டுத் துப்பாக்கிகளும் அதே கதை. போலீஸ் அவ்வப்போது கெடு வைத்து ஒப்படைக்கச் சொல்லும், ராத்திரியோடு ராத்திரியாகச் சில துப்பாக்கிகள் கோயில் வாசலில் கிடக்கும். குடகு என் வாதத்தை முழுசாக உடைக்கவில்லை, ஆனால் கீறல் விழுந்தது. இருக்கட்டும்.

ஜனவரி 20

"லைசென்ஸ் அதிகமாக உள்ள மாநிலத்தில் குற்றம் குறைவா என்று பாருங்கள்" என்றார் ஒருவர். பார்த்தேன். உள்துறை அமைச்சகத்தின் 2016 டிசம்பர் கணக்குப்படி நாடு முழுக்கச் சுமார் 33.7 லட்சம் லைசென்ஸ். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். கர்நாடகத்தில் 1.13 லட்சம். தமிழ்நாட்டில் 22,500 சொச்சம். எந்த ஊரில் ராத்திரி தைரியமாக நடப்பீர்கள்?

என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். இந்தக் கேள்வி சரியில்லை. உ.பி.யில் பயம் அதிகம், அதனால் துப்பாக்கி அதிகம் என்றும் சொல்லலாம். அங்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது அந்தஸ்து. மாப்பிள்ளை வீட்டார் சுட்டு மாடியில் வேடிக்கை பார்த்தவர் சாகிற செய்தி வருடா வருடம் வரும். அதற்காகவே ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இரண்டு வருடம் வரை சிறை என்று போட்டார்கள். ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கணக்கை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. அந்த ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே இந்தியாவில் 7.1 கோடி துப்பாக்கிகள், அதில் பதிவானவை 97 லட்சம் என்கிறது. அமைச்சகத்தின் 33.7 லட்சத்தோடு இது எந்த வகையிலும் ஒட்டாது.

ஜனவரி 21

ஆனால் கள்ளத் துப்பாக்கி பற்றிக் கேட்டவர் சொன்னது சரி. ராஜராஜேஸ்வரி நகரில் 2017 செப்டம்பர் 5 அன்று பத்திரிகையாளர் கௌரி லங்கேஷை வீட்டு வாசலில் சுட்டது 7.65 மி.மீ. நாட்டுப் பிஸ்டல். 2015-ல் தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கியைக் கொன்றதும் அதே பிஸ்டல்தான் என்று தடயவியல் சொன்னது. லைசென்ஸ் சட்டத்தை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கூட்டத்தை அது தொடாது. அது போலீஸ் வேலை, பட்டறையைத் தேடிப் பிடிக்கிற வேலை.

அதே சமயம், கௌரி லங்கேஷின் கைப்பையில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால்? பைக்கில் வந்து காத்திருந்து சுடுகிறவன் முன்னால் கைப்பை ஜிப்பைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதை எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் "துப்பாக்கி இருந்தால் தப்பித்திருப்பார்" என்று அப்போது என் ஆபீஸில் நிறையப் பேர் சொன்னார்கள்.

ஜனவரி 24

அப்பாவின் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மா 2018 கடைசியில் போனார். அப்பா அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார். அப்புறம் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. துப்பாக்கியை மட்டும் அடிக்கடி எடுத்துத் துடைத்தார், எண்ணெய் போட்டார். பழக்கம்தான் என்று அண்ணன் சொன்னார். இருக்கலாம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் 2019 மக்களவைத் தேர்தல் வந்தது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ டெபாசிட் செய்யச் சொல்வார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலையில் இருந்தவரை வங்கிக் காவலர் என்று அப்பாவுக்கு விலக்கு இருந்தது. இப்போது இல்லை. நானே ஆட்டோ பிடித்து அவரைக் கடைக்கு அழைத்துப்போய் ரசீது வாங்கினேன். தேர்தல் முடிந்தது. திரும்ப எடுக்கலாம் என்று கடையிலிருந்து போன் வந்தது. அப்பாவிடம் அதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. 2023-ல் இதய நோயால் இயல்பாகத்தான் போனார். அந்த நாலு வருடத்தில் என் பெண்ணுக்குச் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்தார், ஏமாற்றவும் சேர்த்து.

துப்பாக்கி வீட்டிலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அண்ணன் சொல்வார். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஜனவரி 25

ஹொரமாவுக்காரர் நாய் வளர்க்கலாமா என்று கேட்கிறார். வளருங்கள். தெருவிளக்குக்கு மனு கொடுங்கள், பின்கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். நாயை வளர்த்தால் மைத்துனரை விட நன்றாகத் தூங்குவீர்களா என்பது நாயைப் பொறுத்தது.

ஜனவரி 28

கடைசியாக, வாரிசு விஷயம். இதைக் கேட்டவர் வேறு ஒருவர்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கடையிலோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். 2016 விதிகளில் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்திருக்க வேண்டும். எப்படியானாலும் போலீஸ் விசாரணை எல்லாம் மறுபடி உண்டு. மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் விஷயம் இந்தக் கடைசி வரியில்தான் நிற்கிறது. அண்ணனுக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம் நிலம். யானை வருகிறது, பன்றி வருகிறது, துப்பாக்கி வேண்டும் என்கிறார். யானையைச் சுட்டால் உள்ளே போக வேண்டியதுதான், பன்றிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும், ஆக வானத்தைப் பார்த்துச் சுடத்தான். அதற்குப் பட்டாசு போதும். "அப்பா ஞாபகம்டா" என்கிறார். அது எனக்கும் உண்டு. ஆனால் கோபம் வந்தால் அண்ணன் கையில் கிடைப்பதை எறிவார், சாயங்காலம் ஆனால் கொஞ்சம் குடிப்பார். நல்லவர், ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், போலீஸ் விசாரணையிலும் அப்படித்தான் வரும். அண்ணி ஒரு தடவை தனியாகப் போன் செய்து, "நீங்க கையெழுத்துப் போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் போடவில்லை. அண்ணன் பொங்கலுக்கு வரவில்லை. விற்றுவிடலாம் என்றால், இந்த ரகத்தை இப்போது ஏஜென்சிக்காரர்கள் தவிர யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரர் ஒரு விலை சொன்னார், இத்தனை வருடம் நான் கட்டிய டெபாசிட் வாடகையைவிடக் குறைவு. அடுத்த மாத வாடகையை இன்று கட்டிவிட்டேன்.